மஞ்சள் விளக்கு எரிந்தால்

பழைய டீசல் பிக்கப் ஒன்றை வைத்துப் பிழைப்பவர்கள் நம்மவரில் பலர். எனக்கும் அதுதான் சோறு போடுகிறது. சென்ற மாரியில், ஸ்காபரோவில் பனி அள்ளும் வேலைக்குப் போகையில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. மேட்டில் இழுவை இல்லை, ஒரே கரும்புகை. கராச்சில் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, பொனற்றைத் திறக்காமலே, "டேர்போ மாற்ற வேண்டும்" என்றார்கள். கேட்ட தொகை எனது இரண்டு மாத வாடகை!

ஊரில் லொறி திருத்திய அண்ணை ஒருவர் எங்கள் கட்டடத்தில் இருக்கிறார். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 துளைச் சொக்கற்றில் தனது சிறு கருவியைப் பொருத்தினார். பி 0299 என்று வந்தது.

"தம்பி, டேர்போ பழுதெண்டு இது சொல்லேல்லை. எஞ்சினுக்குப் போற காத்தின்ரை அமுக்கம் காணாதெண்டுதான் சொல்லுது. எங்கையும் காத்து ஒழுகுதோ எண்டு முதலிலை பாப்பம்."

டேர்போவிலிருந்து இன்ரகூலருக்குப் போகும் றப்பர் குழாயின் அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. கழற்றிப் பார்த்தால் நீள வெடிப்பு. புதுக் குழாயும் கிளிப்பும் நூறு டொலருக்குள் முடிந்தன.

ஆகவே கராச்சில் அந்த இலக்கத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். எதைச் சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். இலக்கத்தை அழித்து விளக்கை மட்டும் அணைத்துத் தருபவர்களும் உண்டு. சில நாளில் மீண்டும் எரியும். சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் மட்டும் இந்த ஆராய்ச்சி வேண்டாம். உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.