சிவா பக்கம்

ஜூலை 20, 2025, ஞாயிறு

புதன்கிழமை வந்தால் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா மறைந்து நூறாண்டு. 1925இல் அவர் உயிர் பிரிந்தது எங்கள் பாப்பாரப்பட்டியில்தான். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் அவரைப் பற்றி ஒரு வலைப்பக்கம் செய்கிறார்கள். வத்தலக்குண்டில் பிறந்தது, 1908இல் கைதானது, சிறை எல்லாம் எழுதியாயிற்று.

ஸ்டைல் எதுவும் சேர்க்காதவரை, திரையைச் சுருக்கினால் வரிகள் தாமாக மடங்கின. பக்கத்தின் அகலம் 1000 பிக்சல் என்று ஒருவன் எழுதிய பிறகுதான், ஒவ்வொரு வரியையும் வலமும் இடமுமாகத் தள்ளிப் படிக்க வேண்டியதாயிற்று. எச்டிஎம்எல் பிறவியிலேயே நெகிழ்வானது, இறுக்குவது நாம்தான்.

வகுப்பில் பார்வை மங்கிய மாணவி ஒருத்தி உண்டு. எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கித்தான் படிப்பாள். 1280 பிக்சல் திரையை 400 விழுக்காடு பெரிதாக்கினால் பக்கத்துக்கு மிஞ்சும் அகலம் 320. ஒரு சின்ன மொபைலின் அகலம். 2018இல் வந்த வலை அணுகல் நெறிமுறை 2.1 கேட்பதும் அந்த 320இல் பக்கவாட்டில் தள்ளாமல் படிக்க முடிய வேண்டும் என்பதைத்தான். மொபைலுக்கான வடிவமைப்பையும் பார்வைக் குறைவுக்கான வசதியையும் இரண்டு பாடமாகப் பிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. இரண்டும் ஒரே வேலை.

அந்த அகலத்தை 'மேக்ஸ் விட்த்', அதாவது உச்ச வரம்பு மட்டும், ஆக்கினோம். எங்கிருந்தோ நகலெடுத்த 'வியூபோர்ட்' வரியில், விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் கட்டளையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை எடுக்கச் சொன்னேன்.

ஜூலை 22, செவ்வாய்

மொபைலில் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக்கைப் போட்டுக் கேட்டோம். "அக்கா, இது தலைப்புன்னு சொல்லவே மாட்டேங்குது" என்றாள் அந்த மாணவி. சொல்லாதுதான். டிவ் என்ற வெறும் கட்டத்துக்குள் போட்டுப் பெரிதாக்கித் தடிமனாக்கிய எழுத்து கண்ணுக்கு மட்டுமே தலைப்பு. எச்2 என்ற தலைப்புக் குறியில் எழுதினால்தான் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று டெம்ப்ளேட்டிலேயே இருந்தது. தமிழ் என்று மாற்றினோம். நினைவு நாள் அழைப்பிதழைப் படமாக ஒட்டியிருந்தார்கள். அதிலுள்ள எழுத்து முழுவதையும் பக்கத்திலேயே தட்டச்சு செய்யச் சொன்னேன். தமிழில் அறிவிப்பு என்றாலே படம்தான் என்று ஆகிவிட்டது. பார்வையற்றவர் அதில் எதைக் கேட்பார்?

ஜூலை 23, புதன்

சிறையிலிருந்து தொழுநோயோடு வந்த சிவாவை ரயிலில் ஏற விடவில்லை ஆங்கில அரசு. நோயாளி ஏறக்கூடாது என்று தடை. அந்த உடம்போடு ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசியவர் அவர். அவர் பெயரில் ஒரு பக்கம் செய்து, அதில் யாரோ ஒருவர் நுழைய முடியாதபடி விட்டால் எனக்குப் பொறுக்காது. எல்லோரும் நுழையும்படி செய்வது சலுகையும் இல்லை. ஆதார், வங்கிக்கான இணையவழிச் சரிபார்ப்பில் கண்ணைச் சிமிட்ட முடியாத அமிலவீச்சுப் பாதிப்பாளர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று இந்த ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்பைப் பிள்ளைகளிடம் சொன்னேன். பார்வை மங்கிய அந்த மாணவி அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

நிறம். '777' என்ற சாம்பல் எழுத்து பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. வெள்ளைப் பின்னணியில் அதன் வேறுபாட்டு விகிதம் 4.48, நெறிமுறைக்கு வேண்டியது 4.5. நூலிழைதான், ஆனாலும் மாற்றினோம். வெயிலில் நின்று மொபைல் பார்ப்பவருக்கும் அடர்த்தியான எழுத்து நல்லதுதானே. வரி இடைவெளியை 1.7 ஆக்கியதும் கொம்பும் சுழியும் மோதாமல் தெளிந்தன.

பிள்ளைகள் அடுத்துச் செய்யும் பக்கம் பேருந்து நேரம். தருமபுரிக்கான நேரப் பலகையைப் போட்டோ எடுத்து ஒட்டலாம் என்கிறான் ஒருவன். டேபிளாகத்தான் போடவேண்டும், தலைப்புக் கட்டங்களோடு.