ஐந்து கரண்டி எண்ணெய்

முதல் பந்தை உருட்டிப் பார்த்துவிட்டு, “இது செல்லாது” என்றார் கடைக்காரர். அடுத்ததும் செல்லாது. மூன்றாவதை அவர் தொடவே இல்லை.

மூன்றிலும் இரண்டு விரலுக்கும் கட்டைவிரலுக்குமான துளைகள் போக, பக்கவாட்டில் நான்காவதாக ஒரு துளை இருந்தது. பந்தின் எடைச் சமநிலையை மாற்றி, அது எங்கே, எவ்வளவு திரும்ப வேண்டும் என்று பிடித்துவைப்பதற்காக அந்தக் காலத்தில் எல்லோரும் போட்டுக்கொண்டது. 2020 ஆகஸ்ட் 1 முதல் பந்தை உருட்டிப் பின்களை வீழ்த்தும் பௌலிங் ஆட்டத்துக்கு அமெரிக்காவில் தலைமை அமைப்பான யு.எஸ்.பி.சி. அதை ஒழித்துவிட்டது. விரல் போகாத துளை பந்தில் இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டே ஈரத்துணிக்கும் தடை வந்துவிட்டது. போட்டியின்போது பந்தை உலர்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும். 2009-இல் பந்துகளைப் பையில் போட்டு நிலவறையில் வைத்த மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அந்த மனிதர் எங்கள் தெருக்காரர், என் நண்பர். குழாய் வேலை செய்பவர். வயது 54. தோளில் அறுவைச் சிகிச்சை, பிள்ளைகளின் கல்லூரிச் செலவு என்று வரிசையாக வந்ததில் ஆட்டத்தை விட்டவர். பிள்ளைகள் படித்து முடித்ததும், தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கமான பி.பி.ஏ. நடத்தும் வட்டாரப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கென்று தனிப் போட்டிகள் இருக்கின்றன. அவர் பெயர் கொடுத்ததோ எல்லா வயதினருக்குமான போட்டி. ஏன் என்று கேட்டேன். “இதுதான் பக்கத்தில் நடக்கிறது” என்றார். நம்பும்படியாக இல்லை. ஆனாலும் அவரோடு ஒட்டிக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் பக்கம். டயர் ஊர். இந்தச் சங்கமும் இங்கேதான் பிறந்தது. எடி ஈலியாஸ் என்ற உள்ளூர் வழக்கறிஞர் 1958-இல் 33 ஆட்டக்காரர்களைச் சேர்த்து அதைத் தொடங்கினார். 1962 முதல் 1997 வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் சனிக்கிழமை மதியம் என்றால் பௌலிங்தான். டயர் ஆலைத் தொழிலாளிகள் வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். இன்று பெரிய போட்டிகளில் ஆடும் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு இதில் வயிறு நிறையாது. வட்டாரப் போட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் திங்கட்கிழமை வேறு வேலைக்குப் போகிறவர்கள். சென்னை மாலில் பிறந்தநாள் கூட்டத்தோடு வாடகை ஷூ மாட்டிக்கொண்டு உருட்டிய அனுபவத்தை வைத்துக்கொண்டு இங்கே எதையும் எடை போடக் கூடாது என்பது எனக்கு அந்தக் கடையிலேயே தெரிந்துவிட்டது.

கடை பௌலிங் கூடத்துக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை. துளையிடும் எந்திரம், தேய்ப்பதற்குப் பந்தைச் சுழலவிடும் கிண்ணம், சுவர் முழுக்கப் பந்துகள், எதன்மேலும் படிந்திருக்கும் பிசின் தூள். கடைக்காரர் முப்பது ஆண்டுகளாக இதே வேலையில் இருப்பவர். பழைய பந்துகளை ஒதுக்கிவிட்டு, தையற்காரர் அளவெடுப்பதுபோல நண்பரின் கையைப் பிடித்து விரித்தார். நண்பர் தன் பழைய அளவுச் சீட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் அதை வாங்கி மடித்து அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார்.

“இது வேற ஆளோட கை.”

பொய்யில்லை. இத்தனை வருடம் குழாய்த் திருகியைப் பிடித்ததில் கட்டைவிரல் மூட்டு தடித்திருந்தது. உள்ளங்கை முன்போல விரியவில்லை. கட்டைவிரல் துளைக்கும் விரல் துளைகளுக்கும் உள்ள தூரத்தை ஸ்பான் என்கிறார்கள். அது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இது பெரிய விஷயமா என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வியை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. ஸ்பான் பொருந்தாவிட்டால் பந்தைத் தக்கவைக்கக் கை இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரல் தாமதமாக வெளியே வரும். தாமதமானால் பந்து சுழலாது. பதினைந்து பவுண்டு எடையை நாள் முழுக்க வீசுகிற கையில் இந்த எட்டில் ஒரு பங்கு மாலைக்குள் கொப்புளமாகிவிடும். துளை எந்தக் கோணத்தில் சாய வேண்டும் என்பது தனிக் கணக்கு. அதற்குப் பெயர் பிட்ச். கட்டைவிரல் துளையைப் பந்திலேயே நேரடியாகப் போடுவதில்லை. முதலில் பெரிய துளை போட்டு, அதில் ஒரு யூரிதேன் உருளையை ஒட்டி, அந்த உருளைக்குள் விரலுக்கான துளையைக் குடைகிறார். கடைசியில் விளிம்பை உப்புத்தாளால் மழுக்குகிறார். விரலை விட்டுப் பார்க்கச் சொல்கிறார், மறுபடி மழுக்குகிறார். எந்திரம் செய்தது பத்து நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் இந்த உப்புத்தாள்தான்.

துளை எங்கே விழ வேண்டும் என்பதை அவர் பந்தின்மேல் மெழுகுப் பென்சிலால் கோடிழுத்துத் தீர்மானிக்கிறார். பந்துக்கு நடுவில் ஒரு கனமான கரு இருக்கிறது. வேண்டுமென்றே ஒழுங்கற்ற வடிவத்தில் வார்த்தது. அது எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும்படி துளைக்கிறோமோ, அதைப் பொறுத்துப் பந்து சீக்கிரம் திரும்பும் அல்லது தாமதித்துத் திரும்பும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பந்துகள் இவர் கையிலிருந்து இரண்டு குணத்தோடு வெளியே போகின்றன. ஆனாலும் ஸ்கோர்ப் பலகையில் இவர் பெயருக்கு இடமில்லை.

போட்டிக்கு முதல்நாள் இரவு நண்பர் தூங்கினாரோ என்னவோ. நான் விடியற்காலையிலேயே கூடத்தில் இருந்தேன். எண்ணெய் போடுகிறவரைப் பார்க்க வேண்டும் என்று மேலாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன்.

பௌலிங் லேன் ஒவ்வொன்றின்மேலும் எண்ணெய் பூசியிருக்கும் என்பது பார்வையாளர் பலருக்குத் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது. பந்தை வீசும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. குறுக்கே 39 பலகை. இப்போது பெரும்பாலும் செயற்கைத் தளம்தான். ஆனால் பலகைக் கணக்கு அப்படியே இருக்கிறது. மேடு பள்ளம் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்குக்கு மேல் போகக் கூடாது. அந்தத் தளத்தில் முதல் நாற்பது அடி அளவுக்கு எண்ணெய், பிறகு பின்கள் வரை வறண்ட தரை. எண்ணெயில் பந்து வழுக்கிக்கொண்டு போகும், வறண்ட இடத்தில் பிடிமானம் கிடைத்துத் திரும்பும். ஒரு லேனுக்கு மொத்தம் எவ்வளவு எண்ணெய் என்று கேட்டேன். இருபத்தைந்து மில்லி, முன்னே பின்னே இருக்கும் என்றார். ஐந்து சிறு கரண்டி.

எந்திரத்தைக் கோட்டில் வைத்துப் பொத்தானை அழுத்துகிறார். அது பழைய எண்ணெயைக் கழுவி உறிஞ்சிக்கொண்டே புதியதைப் பூசியபடி பின்கள் வரை ஊர்ந்து போய்த் திரும்பி வருகிறது. ஒரு லேனுக்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. முடித்த லேன்களில் சிலவற்றில் குறுக்கே ஒட்டுப்பட்டையை ஒட்டி எடுக்கிறார். எண்ணெயில் புற ஊதா ஒளியில் மின்னும் பொருள் ஒன்றைக் கலந்திருப்பார்கள். பட்டையைக் கருவிக்குள் விட்டால் எந்தப் பலகையில் எவ்வளவு எண்ணெய் என்று வரைபடமாக வருகிறது.

சாதாரண நாட்களில் வாடிக்கையாளருக்குப் பூசும்போது நடுவில் எண்ணெய் அதிகம், ஓரத்தில் மிகக் குறைவு. இலக்குத் தவறி வலப்பக்கம் போன பந்தை வறண்ட ஓரம் திருப்பிக் கொண்டுவரும். இடப்பக்கம் தவறியதை நடு எண்ணெய் தாங்கிப் பிடிக்கும். வார விடுமுறையில் 210 எடுப்பவர்கள் தங்கள் கையைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தில் பாதி இந்த எண்ணெய்க்குச் சேர வேண்டியது. போட்டிக்குப் பூசும்போது இந்தச் சலுகை கிடையாது; நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் சொற்பம். பி.பி.ஏ. இந்தப் பூச்சு வகைகள் சிலவற்றுக்கு விலங்குகளின் பெயரை வைத்திருக்கிறது. சிறுத்தை என்றால் நீளம் குறைவு, சுறா என்றால் நீளம் அதிகம். அன்றைய பூச்சின் நீளம் 42 அடி. “31-ஐக் கழிச்சுக்கோங்க” என்றார் எண்ணெய்க்காரர். பதினொன்று. எண்ணெய் முடியுமிடத்தில் வலது ஓரத்திலிருந்து பதினோராவது பலகைக்குப் பக்கத்தில் பந்து இருந்தால், அங்கிருந்து திரும்பிச் சரியான கோணத்தில் போய் அடிக்கும் என்று ஒரு கைக்கணக்கு.

இந்தக் கணக்கு நண்பருக்குத் தெரியாததல்ல. தகுதிச் சுற்று எட்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் 168. கால் தயங்குகிறது, பரவாயில்லை என்று நினைத்தேன். இரண்டாவது 187. மூன்றாவதில்தான் எனக்கு விளங்கத் தொடங்கியது. கால், தோள், மணிக்கட்டு எதிலும் குறை இல்லை; பந்து ஒவ்வொரு முறையும் லேனில் குறித்திருக்கும் அதே இரண்டாவது அம்புக்குறியின்மேல், அதே பத்தாவது பலகைமேல் போனது. குறை அந்த அச்சுப்பிசகாமையில்தான் இருந்தது. பந்து அங்கே போய், சீக்கிரமே திரும்பி, முதல் பின்னின் மூக்கில் மோதி, இரண்டு ஓரத்திலும் பின்களை நிற்கவைத்துவிட்டு வந்தது. 179.

அவருக்கு முன்னால் அதே லேன்களில் ஆடிவிட்டுப் போன இருவரும் இருபதுகளில் இருந்த பையன்கள். கட்டைவிரலையே நுழைக்காமல் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து வீசுகிறவர்கள். இந்தப் பாணியைப் பெரிய அரங்குக்குக் கொண்டுவந்து, எல்லோரும் சிரிக்கச் சிரிக்க ஆடி, 15 பெரிய பட்டங்களை வென்றவர் ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டி. அவர் தன் முதல் பி.பி.ஏ. பட்டத்தை வென்றதும் 2009-இல்தான். நண்பர் பையைக் கட்டிவைத்த அதே வருடம்! இரண்டு கை வீச்சில் பந்து மிக வேகமாகச் சுழலும். 1990-களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் மேலுறைக்கு ஏற்கனவே எண்ணெயைக் குடிக்கிற குணம் உண்டு. அதை அத்தனை சுழற்சியோடு ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப உருட்டினால் ஐந்து கரண்டி எண்ணெய் எத்தனை நேரம் தாங்கும்? விடியற்காலையில் வரைபடத்தில் நான் பார்த்த தரை பத்தரை மணிக்கு இல்லை. நண்பரின் கையோ 2009-இன் தரைக்கு ஆடிக்கொண்டிருந்தது. பல வருடம் விட்டவர்களுக்குக் கை மறந்துபோகும் என்று சொல்வார்கள். இவருக்குக் கொஞ்சம் மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான்காவது ஆட்டத்தில் நகர்ந்தார். நிற்குமிடம் இரண்டு பலகை இடப்பக்கம், பார்க்குமிடம் ஒரு பலகை இடப்பக்கம். பிறகு இன்னொரு முறை. 214, 231, 246. பந்தை எடுத்ததும் வீசாமல், முந்தைய ஆளின் பந்து எங்கே திரும்புகிறது என்று பார்க்க ஆரம்பித்திருந்தார். கட்டைவிரல் வீங்கிக்கொண்டிருந்தது, துளைக்குள் ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து இடம் பண்ணினார்.

இடையில் ஒரு லேனில் பின் சிக்கிக்கொண்டு ஆட்டம் நின்றது. மெக்கானிக்கோடு பின்பக்கம் போனேன். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காத இரைச்சல். பல் சக்கரம், பெல்ட், கிரீஸ் வாடை. 1950-களில் எந்திரம் பரவும்வரை இங்கே பையன்கள் குந்தியிருந்து பின்களைக் கையால் அடுக்கியிருக்கிறார்கள். இப்போது பின்களைக் கயிற்றில் கட்டி இழுக்கும் எந்திரங்கள் வருகின்றன, 2023-இல் யு.எஸ்.பி.சி. அதைத் தனி வகையாக அங்கீகரித்துவிட்டது. கயிறு பிடித்திழுப்பதால், ஒரே வீச்சில் எல்லாப் பின்களும் விழும் ஸ்ட்ரைக் குறைகிறது என்று அவர்கள் சோதனையே சொல்கிறது. ஆனால் பராமரிப்புச் செலவும் குறைவு என்பதால் முதலாளிகளுக்குப் பிடித்திருக்கிறது. “கயிறு வந்தா என்னை எதுக்குக் கூப்பிடப்போறாங்க?” என்றபடி மெக்கானிக் பின்னை உருவி எறிந்தார்.

ஏழாவது ஆட்டத்தில் பத்தாவது பின் அவரைப் படுத்தியது. நல்ல ஸ்ட்ரைக்கில் பந்து நேரடியாகத் தொடுவது நான்கே பின்களை: வலக்கைக்காரருக்கு 1, 3, 5, 9. மற்ற ஆறும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விழ வேண்டும். மூன்றாவது பின் ஆறாவதைத் தள்ள, ஆறாவது பத்தாவதைத் தள்ள வேண்டும். ஆறாவது ஒரு இழை மாறிப் பறந்தால் பத்தாவதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வீச்சில் குறை என்று கண்ணுக்கு எதுவும் தெரியாது. இதே ஆக்ரனை ஒட்டிய ரிவியரா லேன்ஸ் கூடத்தில் 1970-இல் ஃபயர்ஸ்டோன் சாம்பியன்கள் போட்டியின் இறுதி ஆட்டம். டான் ஜான்சன் வரிசையாகப் பதினோரு ஸ்ட்ரைக் எடுத்துவிட்டுப் பன்னிரண்டாவதை வீசினார். பந்து கச்சிதமாகப் போய் அடித்தது. பத்தாவது பின் மட்டும் நின்றது. 299. எதிராளி டிக் ரிட்கரின் 268-ஐ அவர் எப்போதோ தாண்டிவிட்டார், பட்டம் அவருக்குத்தான். ஆனாலும் தரையில் விழுந்து கிடந்தார். இந்தப் பக்கத்தில் வயதான யாரைக் கேட்டாலும் அன்று அங்கே இருந்ததாகத்தான் சொல்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அந்தக் கூடம் ஒரு கால்பந்து மைதானம் அளவு இருந்திருக்க வேண்டும்.

நண்பர் ஏழாவதில் 203, எட்டாவதில் 225. மொத்தம் 1,653. பரிசுப் பணம் பெற்றவர்களில் கடைசி ஆள் 1,689.

முதல் மூன்று ஆட்டங்களின் கணக்கை நான் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் காலையில் தனக்கு முன்னால் ஆடிய பையன்களில் ஒருவனைத் தேடிப் போனார். வென்றது அவன்தான். ஓர் இரும்புப் பட்டறையில் வேலை. மறுநாள் காலை ஷிஃப்ட். நான்கு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“17, 18-ஆவது லேன்ல கடைசியா எங்கே நின்னே?”

“நாலாவது அம்பைப் பார்த்து ஆடினேன்.”

நாலாவது அம்பு என்றால் இருபதாவது பலகை, லேனின் நட்டநடு. நண்பர் தன் காலத்தில் யாரும் அங்கே போனதில்லை என்றார்.

“இன்னைக்கும் யாரும் போகலைங்க. அதனாலதான் அங்கே எண்ணெய் மிச்சமிருந்தது” என்றான் பையன்.

நண்பர் அவனைக் கார் நிறுத்துமிடம் வரை விடவில்லை. எந்தப் பந்து, மேலுறையை எந்த நம்பர் தாளில் தேய்த்தாய், எந்த ஆட்டத்தில் மாறினாய் என்று கேட்டுக்கொண்டே கூட நடந்தார்.