செருப்படிபட்ட சிலந்தி

சியாட்டில் நகரில் மகளின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, நிலவறைப் படிக்கட்டின் மூலையில் ஒரு சிலந்தியைக் கண்டோம். விரித்த பாய் போன்ற வலை. அதன் ஓரம் குறுகிப் புனல் வடிவில் உள்ளே சென்றது. புனலின் வாயில் பழுப்பு நிறத்தில் அது அமர்ந்திருந்தது.

"கடித்தால் சதை அழுகிவிடுமாம், மாமா" என்றார் மருமகன். செருப்பைக் கழற்றி ஒரே அடி! அடித்தவர் நாமேதான்.

இரவு உறக்கம் வரவில்லை. ஹிஜ்ரத்தின்போது பெருமானார் (ஸல்) அவர்கள் தங்கிய தௌர் குகையின் வாயிலில் சிலந்தி வலை பின்னியதாகச் சொல்லப்படும் வரலாற்றைக் கூறி, ஒட்டடை அடிக்கும்போதுகூடச் சிலந்தியை நசுக்கவிடாத உம்மம்மாவிடம் வளர்ந்தவர்கள் நாம்.

மறுநாள் நூலகத்தில் தேடிப் படித்தோம். அப்பகுதி மக்கள் அஞ்சுவது 'எரடிஜீனா அக்ரெஸ்டிஸ்' என்னும் சிற்றினத்தை. 'ஹோபோ', அதாவது நாடோடி என்பது அதன் வழக்குப் பெயர். ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து வந்தது. 'அக்ரெஸ்டிஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு வயலுக்குரியது என்றே பொருள். ஓசை ஒப்புமையால் அதை மூர்க்கமானது என்று கொண்டோரும் உண்டு! பிறந்த மண்ணில் எவரும் அஞ்சாத உயிர், வந்த மண்ணில் கொலைகாரப் பெயர் பெற்றது. 1980களில் முயல்களுக்கு இதன் நஞ்சை ஏற்றிய ஒரு சோதனை, புண் உண்டாவதாகக் கூறிற்று. 2001இல் வெளியான ஆய்விலோ புண்ணும் தோன்றவில்லை. இரு கண்டத்துச் சிலந்திகளின் நஞ்சிலும் பெரிய வேற்றுமை இல்லை. புண்ணைக் கண்டவர் பலர். சிலந்தி கடித்ததைக் கண்டவரோ அரிதினும் அரிது.

2013இல் 'டெஜெனாரியா' என்ற பழைய பேரினத்திலிருந்து இதைப் பிரித்த அறிஞர்கள், அதே எழுத்துகளை இடம் மாற்றி 'எரடிஜீனா' எனப் பெயரிட்டனராம். அறிஞர்களுக்கும் விளையாட்டு உண்டு போலும். அதே பேரினத்தைச் சேர்ந்த பெரிய வீட்டுச் சிலந்தியும் அங்கே வாழ்கிறது. இரண்டையும் ஐயமறப் பிரித்தறிய உருப்பெருக்கி வேண்டும்.

"நீங்கள் அடித்தது எந்தச் சிலந்தி, நன்னா?" என்றான் பேரன்.

செருப்பின் அடியில் ஒட்டியிருந்ததைக் கொண்டு யார் சொல்ல முடியும்?

இலையுதிர் காலம் தொடங்கும்போது ஆண் சிலந்திகள் துணை தேடி அலையும். நாம் ஊருக்குப் புறப்படும் வாரத்தில் ஒன்று குளியல் தொட்டியில் விழுந்து, வழுவழுப்பான சுவரில் ஏறமாட்டாமல் தவித்தது. கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகினோம். தோட்டத்துக் கதவை மருமகன் திறந்து பிடித்துக்கொண்டார். சற்றுத் தள்ளி நின்றுதான்.