முகர்ஜிக்குள் ஒரு வாத்தியார்

கொல்கத்தா வந்த புதிதில், லேக் மார்க்கெட் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி: "டைட்டில் என்ன?" குடும்பப் பெயரை இங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். நமக்கு ஏது அது? அப்பா பெயரைச் சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கு நான் அப்பா பெயர்தான். (ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் முதுகு பழுத்திருக்கும்!)

பிறகு அவர்கள் பெயர்களை நோண்ட ஆரம்பித்தேன். முகர்ஜி என்பது முகோபாத்யாய்; பானர்ஜி என்பது பந்தோபாத்யாய்; சட்டர்ஜி என்பது சட்டோபாத்யாய். முன்பாதி மூதாதையரின் ஊர் என்பார்கள். பின்பாதி உபாத்தியாயர். நம் வாத்தியாரும் அதே சொல் தேய்ந்து வந்தவர்தானே!

தாகூர் கதை இன்னும் சுவை. குடும்பத்தின் பழைய பெயர் குஷாரி. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பஞ்சானன் குஷாரி என்பவர், பின்னாளில் கொல்கத்தாவோடு சேர்ந்த கோவிந்தபூரின் ஆற்றங்கரையில் குடியேறி, வந்துபோகும் கப்பல்களுக்குச் சரக்கு கொடுத்துவந்தார். பிராமணர் என்பதால் கரையோர மக்கள் அவரை 'டாக்குர்' என்றார்கள், நம் ஊர் 'சாமி' மாதிரி. அது வெள்ளைக்காரன் வாயில் புகுந்து 'டாகோர்' ஆனது, நம் வாயில் தாகூர். 1913இல் நோபல் பட்டியலில் ஏறியது அந்தக் கரையோரக் கூப்பாடுதான்.

போன வாரம் தெரு கிளப்காரர்கள் பூஜை சந்தாவுக்கு வந்தார்கள். ரசீது அப்பா பெயரில்.