உள்ளங்கையில் தையல் கோடு

முதல் தடவை பைக்கில் ஏற்காடு ஏறி வருகிறவர்களை மேலே ஒரு டீக்கடை முன்னால் நிறுத்துவேன். டீ கிளாஸை வாங்கும் முன் கையுறையைக் கழற்றச் சொல்லி உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பேன். கையுறையின் உள்தையல் சிவப்புக் கோடாகத் தோலில் பதிந்திருந்தால், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த ஆள் எப்படிக் கடந்திருப்பார் என்று தெரிந்துவிடும். முழங்கை விறைத்து, மூச்சைப் பிடித்து, ஹேண்டில்பாரில் உடும்புப் பிடி.

நான் அடிப்படையில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் சேலத்தில் ஒரு மைதானத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "வண்டி ஓட்டத் தெரியுங்கண்ணா, வளைவுதான் பயம். தைரியம் வரணும்" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். தைரியத்துக்கும் வளைவுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது என் கணக்கு. தைரியசாலிகளைத்தான் நான் அதிகம் பள்ளத்திலிருந்து தூக்கியிருக்கிறேன்.

ஒரு பத்து ரூபாய் நாணயத்தை மேஜையில் உருட்டிவிட்டுப் பாருங்கள். வேகம் குறையக் குறைய ஒரு பக்கம் சாயும். சாய்ந்த பக்கமே வளைந்து ஓடும். பைக்கும் ஏறக்குறைய அப்படித்தான். முன் ஃபோர்க் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதே வண்டி சாயும்போது முன்சக்கரம் தானே அந்தப் பக்கம் திரும்புவதற்காக. வளையும் வேலை வண்டிக்குத் தெரியும். அதைச் செய்யவிடாமல் தடுப்பது நம் இரண்டு கைகள். கையை இரும்புக் கம்பியாக நீட்டி ஹேண்டிலை அழுத்திப் பிடித்தால், திரும்பப் போகும் சக்கரத்தை நாமே பிடித்து வைத்திருக்கிறோம் என்று பொருள். அப்புறம் "வண்டி திரும்பவே மாட்டேங்குது" என்று குறை சொல்வோம்.

இன்னொரு விஷயம், கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். ஓரளவு வேகத்தில் போகும்போது இடது பக்கம் சாய வேண்டுமென்றால் இடது ஹேண்டிலை முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது சக்கரம் ஒரு நொடி வலப்பக்கம் போக முயலும். அதனால் வண்டி இடப்பக்கம் சாயும். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். அவர்களில் வில்பர், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலரிடம் இடப்பக்கம் திரும்ப முதலில் என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்திருக்கிறார். ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லையாம். எல்லோரும் செய்துகொண்டுதான் இருந்தார்கள். செய்வது என்னவென்று தெரியவில்லை. நூறாண்டு கடந்தும் என் மைதானத்தில் இதே கதைதான்.

போன வருஷம் ஒரு நர்ஸ் பெண் வந்தாள். 125 சிசி வண்டி. மைதானத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் நேராகப் போகச் சொன்னேன். "இப்ப இடது உள்ளங்கையால லேசாத் தள்ளும்மா. பிடிக்காதே, தள்ளு மட்டும்." முதல் சுற்றில் ஒன்றும் நடக்கவில்லை. இடது கை தள்ள, வலது கை தன்னையறியாமல் எதிர்த்துப் பிடித்தது. வலது கையில் இரண்டு விரலை மட்டும் ஆக்ஸிலரேட்டரில் வைக்கச் சொன்னேன். அடுத்த சுற்றில் வண்டி சட்டென்று இடப்பக்கம் சாய்ந்து வளைந்தது. நிறுத்திவிட்டு ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். "அண்ணா, நான் ஒண்ணுமே பண்ணலீங்கண்ணா. வண்டியே போச்சு." அதைத்தான் அன்று காலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆமை வேகத்தில் கதை வேறு. நடக்கிற வேகத்தில் திருப்ப வேண்டிய பக்கமே ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை இழுத்துக்கொண்டே, பின் பிரேக்கை லேசாகத் தேய்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் வண்டியில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கூடவே கொஞ்சம் பிடிக்கும். 2019இல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. 125 வரைக்கும் இந்த இணைப்பு பிரேக் போதும் என்று அப்போது வைத்தார்கள். இது தெரியாமல் பாதி வளைவில் காலை அமுக்கினால் முன்பக்கம் ஏன் இழுக்கிறது என்று புரியாது.

வேகக் கணக்கை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை 20 கிலோமீட்டரில் எடுத்தால் வண்டி சுமார் 12 டிகிரி சாய்ந்தால் போதும். 30 என்றால் 25 டிகிரி. 40 என்றால் 40 டிகிரி. அந்தச் சாய்வில் சாதாரண வண்டியின் ஃபுட்ரெஸ்ட் ரோட்டை உரசும். வேகம் இரண்டு மடங்கு, சாய்வு மூன்று மடங்குக்கும் மேல். அதனால் வேகத்தைக் குறைக்கும் வேலை வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். கியரும் அங்கேயே மாற்றியாக வேண்டும். வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக வைத்துக்கொண்டால் போதும், வேறு வேலை இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 22 வயதில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வைத்திருந்தேன். இதே மலையில் இறங்கும்போது ஓர் இடது வளைவு. வேகம் அதிகம் என்று உள்ளே போன பிறகுதான் உறைத்தது. எதிரே கறுப்பு மஞ்சள் பட்டை அடித்த தடுப்புச்சுவர். அதில் ஒரு குரங்கு உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்தேன், முன் பிரேக்கைக் கொத்தாகப் பிடித்தேன். சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்து, நேராக அந்தச் சுவரை நோக்கிப் போனது. குரங்கு தப்பித்துக்கொண்டது. எனக்குக் காறை எலும்பு முறிந்தது. இன்று யோசித்தால், வண்டிக்கு அந்த வளைவில் இன்னும் சாய இடமிருந்தது. நான் சுவரைப் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பார்த்திருந்தால் தோள் திரும்பியிருக்கும், கையும் தளர்ந்திருக்கும்.

சில சமயம் குற்றம் ஆள் மேல் இருக்காது. யாராவது ரொம்ப நாளாக வளைவுக்குத் திணறினால், சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்குவேன். ஹேண்டிலை நடுவிலிருந்து ஒரு விரலால் தட்டினால் அது தானாக ஓரத்துக்குப் போய் விழ வேண்டும். நடுவில் 'டக்'கென்று ஓரிடத்தில் உட்கார்ந்தால், ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் தேய்ந்து குழி விழுந்திருக்கிறது. அந்த வண்டியை வைத்துக்கொண்டு எத்தனை பேர் தங்களைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ. டயர் காற்றும் அப்படித்தான். பெட்ரோல் பங்க்கில் பாறை மாதிரி ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

மலையில் மைதானப் பாடம் மட்டும் போதாது. பஸ் வளைவில் திரும்பும்போது ரோடு முழுவதும் அதற்குத்தான். மூக்கு வெளியே வரும், பின்சக்கரம் உள்ளே வெட்டும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்று வழிவிடுவது மானக்கேடு அல்ல. டேங்க் நிறைய டீசலோடு ஏறும் வண்டிகள் வளைவில் சிந்திவிட்டுப் போகும். மழை பெய்த மறுநாள் மண் அடித்துவந்து கிடக்கும். வலது வளைவில் இன்னொரு கண்டம். நம் சக்கரம் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும். சாய்ந்த தலை அந்தப் பக்கம் போயிருக்கும். எதிரே வருகிறவருக்கு அது தெரியாது. அதனால் வலது வளைவில் கோட்டைவிட்டு நன்றாகத் தள்ளி, அதே சமயம் ஓரத்து ஜல்லியையும் தொடாமல் போக வேண்டும்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இஞ்சினை அணைத்து நியூட்ரலில் வருகிறவர்களிடம் எனக்குப் பேச்சே கிடையாது. இஞ்சின் பிடித்து நிறுத்த வேண்டிய பாரத்தை இரண்டு பிரேக் தலையில் போட்டால் பாதி மலையில் அவை சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரில் இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது பைக்குக்கும் சரி.

அந்த நர்ஸ் பெண் முதல் முறை மேலே வந்தபோது டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தாள். விரல் மரத்துவிட்டிருந்தது. உள்ளங்கையில் தையல் கோடு ஆழமாக, கட்டைவிரல் அடியில் கொப்புளமே ஆரம்பித்திருந்தது. திட்டவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் முழங்கையைக் கோழி சிறகடிப்பதுபோல் ஒரு தடவை ஆட்டச் சொன்னேன். சிரித்தாள். பின்னால் வந்த நான் கண்ணாடியில் தெரியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். நாலைந்து வளைவுகளில் மறந்துவிட்டாள், மற்றவற்றில் ஆட்டினாள். எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த பிள்ளைகள் பதிலுக்குக் கையாட்டினார்கள்.

அடிவாரத்தில் இறங்கியதும் நான் கேட்கவில்லை. அவளாகவே கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினாள். இடது கையில் கோடு இல்லை. வலது கையில் கொஞ்சம் இருந்தது. "இன்னொரு தடவை ஏறலாமுங்களாண்ணா?" என்றாள். மணி ஒன்பதாகப் போகிறது, டூரிஸ்ட் வண்டிகள் வரத் தொடங்கும் நேரம். அடுத்த வாரம் என்றேன்.