ஏழாவது பெயர்

ஃபோலிக் அமிலத்தின் கட்டமைப்பையும் அதைச் செயற்கையாக உருவாக்கும் முறையையும் விளக்கி 1946ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த கட்டுரையின் தலைப்பில் 16 பெயர்கள் இருக்கின்றன. ஏழாவதாக நிற்கும் பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ். லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுப் பணிகள் முழுவதற்கும் பொறுப்பாளர் அவர். ஆயினும் பெயர்கள் இரு தொகுதிகளாக ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் தொகுதியில் தம் முதலெழுத்துக்கு உரிய இடத்தில் அவர் நிற்கிறார். ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில், யார் பெயர் இறுதியில் என்பதற்காகப் பல்லாண்டு நட்புகள் முறிவதைக் கண்டவர்களுக்கு இந்த வரிசையின் பொருள் விளங்கும்.

1895இல் பீமவரத்தில், வறுமை சூழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர் சுப்பாராவ். காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடியவரைத் தாய் மீட்டு வந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தி அறுவை அரங்கில் நுழைந்தார். அது பேராசிரியரின் சினத்தைக் கிளப்பியது, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கைக்கு வந்தது. அண்ணனும் தம்பியுமாகச் சகோதரர் இருவரை ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல்நோய் சில நாள் இடைவெளியில் பறித்துக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். பின்னாளில் ஸ்ப்ரூ நோய்க்கு ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று.

1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகருக்குச் சென்றவர், மருத்துவமனை ஒன்றில் இரவுநேர ஊழியராக நோயாளிகளின் மலசலக் கலங்களைத் தூய்மை செய்து பிழைத்தார். பகலில் ஹார்வர்டில் படித்தார். சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் 1925இல் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவிடும் முறையை உயிர்வேதியியல் மாணவர் எவரும் அறிவர். செய்முறைக் குறிப்பேட்டில் ‘ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை’ என்று எழுதியவர்களுள் பலர், அந்த இரண்டாம் பெயர் கோதாவரிக் கரையிலிருந்து சென்ற ஒருவருடையது என்று அறியாமலே எழுதியிருப்பர். தசை இயக்கத்துக்கு ஆற்றல் தரும் பாஸ்போகிரியேட்டின் 1927இலும், ஏ.டி.பி. 1929இலும் இவ்விருவர் பெயரில் வெளிவந்தன.

ஆனால் அந்தக் கூட்டுறவுக்கு வேறொரு முகமும் உண்டு. 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஹார்வர்டில் அவர்களை அறிந்தவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த நியூக்ளியோடைடுகள் சில, ஃபிஸ்கேயின் பொறாமையால் வெளிவராமல் போயின என்றும், பல்லாண்டுகளுக்குப் பின் பிறர் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் அவர் கூறியிருக்கிறார். ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாமலே 1940இல் சுப்பாராவ் லெடர்லேக்கு இடம்பெயர்ந்தார்.

சுப்பாராவின் அடக்கத்தைப் புகழ்வோர் இந்த இரண்டு காலங்களையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றனர். ஹார்வர்டில் அவருடைய உழைப்பின் பயன் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்கு அடக்கம் என்று பெயரிடுவது எடுத்தவருக்குச் செய்யும் உதவியாகும். இளைய ஆய்வாளரிடம் பணிவை நற்பண்பாக வலியுறுத்தும் துறைகள் பலவற்றில் இன்றும் நடப்பது இதுவே. லெடர்லேயில் நிலைமை தலைகீழாயிற்று. அதிகாரம் அவர் கையில் இருந்தது. வேண்டிய பெயரை வேண்டிய இடத்தில் வைத்திருக்கலாம். பறிகொடுத்தவர், தம் கீழிருந்த எவரிடமும் பறிக்கவில்லை. அவரது பெருந்தன்மை என்று சொல்லத் தகுந்தது இந்தப் பிற்பகுதியே.

ரத்தப் புற்றுநோயால் மடிந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு ஏதேனும் செய்ய முடியுமா என்று பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் தேடியபோது, ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரினை உருவாக்கித் தந்தது சுப்பாராவின் குழு. 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதை 1948இல் உலகுக்கு அறிவித்த கட்டுரையில் ஆசிரியர் ஐவர்; சுப்பாராவ் அவர்களுள் ஒருவர் அல்லர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்ற பின் எழுபது வயதைக் கடந்த நிலையில் லெடர்லேயில் சேர்ந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டகர், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆரியோமைசினைக் கண்டறிந்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. அந்தக் கட்டுரை டகரின் பெயரில் மட்டும் வெளிவந்தது. யானைக்கால் நோய்க்கான டை-எத்தில்கார்பமசின் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தின் கொடை. நோய் பரவிய மாவட்டங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாக வந்து, கண்ணெதிரே விழுங்கச் செய்யும் ‘டி.இ.சி.’ மாத்திரை அதுதான்.

ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் மாரடைப்பால் இறந்தார். வயது 53. லெடர்லேயின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பின்னர் ஒரு பூஞ்சைக்கு ‘சுப்பாரோமைசஸ்’ என்று பெயர் சூட்டினர். இந்திய அஞ்சல் துறை 1995இல் தபால்தலை வெளியிட்டது.

பாராட்டுரைகள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். பாஸ்டனுக்குப் புறப்பட்டபோது அவர் மனைவி சேஷகிரி கருவுற்றிருந்தார். பயணச் செலவில் பெரும்பங்கை ஏற்றவரும் அந்த அம்மையாரின் தந்தையே. பிறந்த ஆண் குழந்தை ஓராண்டு நிறைவதற்குள் இறந்தது. தந்தை அதன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஊர் திரும்பவும் இல்லை. லெடர்லேயில் உடன் உழைத்தோருக்கு இவ்வளவு வாரி வழங்கியவரிடம் சேஷகிரி அம்மையாருக்குக் கிட்டியது என்ன என்பதற்கு அந்த ஆய்வுக் கட்டுரைகளில் விடை இல்லை.