சொல் பறிக்கப்பட்ட கதை

ப்ராக்ரஸிவ் ராக் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் பிங்க் ஃப்ளாய்ட், ஜெனஸிஸ், யெஸ், கிங் க்ரிம்ஸன் என்று நான்கைந்து பெயர்கள் தாமாகவே வந்து நிற்கும். கேமல் என்ற பெயர் அவ்வரிசையில் வருவது அரிது. வந்தாலும் 'ஆம், அவர்களும் இருந்தார்கள்' என்ற தொனியில் ஒரு வரியோடு பேச்சு நகர்ந்துவிடும். அவர்களது மூன்றாவது தொகுப்பான 'ஸ்நோ கூஸ்' 1975இல் வெளிவந்தது. பிங்க் ஃப்ளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஆலமரத்தடியில் முளைத்த செடியின் நிலை. விற்கவில்லை என்று சொல்வதற்கில்லை. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் 22ஆம் இடம் வரை ஏறியது. எனினும் 'அழகானது, மென்மையானது' என்ற இரு சொற்களால் அதை அணைத்து ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பதே நம் மனக்குறை. மென்மை என்பது வலுக்குறைவு என்று எண்ணுவோரிடம் இத்தொகுப்பைப் பற்றி வாதிடுவதை நாம் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயின.

நாம் இதை முதலில் கேட்டது 2000ஆம் ஆண்டில், கல்லூரி விடுதியில், நண்பர் ஒருவர் எங்கிருந்தோ படியெடுத்துக் கொண்டுவந்த ஒலிநாடாவில். அட்டையில் நீல மையால் 'கேமல்' என்று மட்டும் எழுதியிருந்தது. தொகுப்பின் பெயர் இல்லை, தடங்களின் பட்டியல் இல்லை, உறைப்படம் இல்லை. இதோ பாடத் தொடங்குவார்கள், இதோ தொடங்குவார்கள் என்று காத்திருந்தோம். 43 நிமிடங்கள் ஓடி முடிந்தன. ஒரு சொல்கூட வரவில்லை. இரண்டொரு இடங்களில் மனிதக் குரல் வருகிறது. ஆனால் அது வெறும் உயிரொலியாக மிதந்து செல்கிறதே தவிர எம்மொழியையும் பேசுவதில்லை.

அப்போது நாம் முதுகலைத் தமிழ் மாணவர். பகல் முழுவதும் உரையாசிரியர்களோடு வாழ்க்கை. ஒரு சொல்லுக்கு இவர் கொண்ட பொருள் என்ன, அவர் மறுத்தது எதனால் என்று பிரித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த காலம். இரவில் அந்த ஒலிநாடா. உரை எழுத இடமே தராத ஒன்று நம் கைக்குக் கிடைத்தது அதுவே முதல்முறை. பெயரற்ற தடங்களுக்கு நாமே பெயரிட்டுக்கொண்டோம். புல்லாங்குழல் தாவிச்செல்லும் இரண்டாவது தடம் 'வழிநடை'. மரத்துளைக் கருவிகள் சில தள்ளாடித் தள்ளாடி ஒன்றையொன்று பின்தொடரும் ஒரு தடம் 'குழந்தை நடை'. படைமுரசு சிறிதாகத் தொடங்கிப் பித்தளைக் கருவிகளோடு பெருகும் நெடுந்தடம் 'புறப்பாடு'. அதன்பின் பியானோ மட்டும் தனியே ஒலிக்கும் ஒன்று உண்டு. அதற்கு 'ஆளில்லா வீடு' என்று பெயர். யாரோ போனார்கள், யாரோ திரும்பவில்லை என்பதுவரை விளங்கியது. யார், எங்கு, ஏன் என்பவை விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்ற தவிப்பும் எழவில்லை.

ஆறாண்டுகள் கழித்து இணையத்தின் வழியே பெயர்கள் வந்துசேர்ந்தன. வழிநடைக்கு உரியவன் ராயடர். குழந்தை நடையின் பெயர் 'நட்பு'. புறப்பாடு 'டன்கர்க்'. ஆளில்லா வீடு, 'தனித்த ஃப்ரித்தா'. இவற்றின் பின்னால் பால் காலிகோ என்ற அமெரிக்கர் எழுதி 1941இல் நூலாக வந்த சிறு புனைவு ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கரையோர உவர்ச் சதுப்பில், கைவிடப்பட்ட கலங்கரை விளக்கமொன்றில் ஒதுங்கி வாழும் கூன்முதுகு ஓவியன் ராயடர். காயம்பட்ட பனிவாத்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வரும் சிறுமி ஃப்ரித்தா. பறவை குணமாகிறது, பருவம் மாறினால் பறந்துபோகிறது, மறுபருவத்தில் மீள்கிறது. பறவை இருக்கும் காலத்தில் மட்டுமே சிறுமியும் வருகிறாள். 1940இல் டன்கர்க் கடற்கரையில் ஜெர்மானியப் படையிடம் சிக்கிய வீரர்களை மீட்கச் சிறுபடகுகளும் புறப்படுகின்றன. ராயடரும் தன் பாய்மரப் படகில் போகிறான். பனிவாத்து மேலே வட்டமிட்டபடி உடன் போகிறது. மே 26 முதல் ஜூன் 4 வரை நடந்த அம்மீட்பில் கரைசேர்ந்தவர்கள் 3,38,000க்கும் மேல். ராயடர் திரும்பவில்லை.

கேமல் குழுவினர் முதலில் எண்ணியது ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல்களை. 'சித்தார்த்தா'வும் 'ஸ்டெப்பன்வுல்ஃப்'பும் பேச்சில் இருந்தன. காலிகோவின் கதையை முன்வைத்தவர் பாஸ் கிட்டார் வாசித்த டக் ஃபெர்குஸன். கிட்டாரும் புல்லாங்குழலும் வாசித்த ஆண்ட்ரூ லாடிமர், கீபோர்டு வாசித்த பீட்டர் பார்டன்ஸ் இருவரும் இசையமைத்தார்கள். தாளக் கருவிகள் ஆண்டி வார்டு. வாத்தியக் குழுவுக்கான அமைப்பு டேவிட் பெட்ஃபோர்டுடையது. கதையின் சொற்களைக் கையாளக் காலிகோ தரப்பு இசையவில்லை. வழக்கு வரும் என்ற நிலை. முடிவில் தொகுப்பு சொல்லே இல்லாமல் வந்தது. உறையிலும் 'ஸ்நோ கூஸ் கதையால் தூண்டப்பெற்ற இசை' என்ற பொருள்படும் எச்சரிக்கையான தலைப்பே அச்சாயிற்று. (குழுவின் பெயருக்கும் அதே பெயருடைய சிகரெட்டுக்கும் முடிச்சுப் போட்டு, புகைப்பழக்கத்தை வெறுத்த காலிகோ அதனால்தான் சினந்தார் என்றொரு வதந்தி உண்டு. முந்தைய தொகுப்பான 'மிராஜ்' சிகரெட் பெட்டியைப் போலவே உறை பூண்டிருந்ததால் வதந்திக்கு வாகாயிற்று. உண்மையில் சிக்கல் பதிப்புரிமைதான்.)

சட்டம் செய்த இந்தக் கெடுதலை நாம் பெரும் நன்மையாகவே கருதுகிறோம். நூலைத் தேடிப் பிடித்து வாசித்தபோது அக்கருத்து உறுதிப்பட்டது. காலிகோ நல்ல கதைசொல்லிதான். ஆனால் வாசகரைக் கலங்கச் செய்யாமல் விடுவதில்லை என்ற பிடிவாதம் அவரிடம் உண்டு. நெகிழ வேண்டிய இடங்களில் எல்லாம் நம் தோளைத் தொட்டு நெகிழச் சொல்கிறார். இசையில் அந்தக் கை இல்லை. ராயடருக்குப் புல்லாங்குழல், வாத்துக்குக் கிட்டார். இரண்டையும் வாசிப்பவர் லாடிமர் ஒருவரே. மனிதனும் பறவையும் ஒருவருடைய மூச்சிலிருந்தும் விரலிலிருந்தும் பிறக்கிறார்கள். இதை வரிகளாக்கிப் பாடியிருந்தால் 'பறவையே அவன் ஆன்மா' என்று எவரேனும் எழுதித் தொலைத்திருப்பார்கள். உரிமை பெற்றே 1976இல் ஸ்பைக் மில்லிகன் இதே கதையை எட் வெல்ச்சின் இசையோடு இசைத்தட்டில் சொன்னார். குறைசொல்லத் தக்கதன்று. ஆயினும் கதைசொல்லும் குரல் ஒன்று அங்கே நமக்கும் சதுப்புக்கும் நடுவில் நின்றுகொண்டே இருக்கிறது.

தொகுப்பின் முதல் தடமும் 'பெருஞ்சதுப்பு', இறுதித் தடமும் 'பெருஞ்சதுப்பு'. பறவையொலிகளோடு நிலம் மெல்லப் புலப்படுகிறது. பிறகே மனிதன் வருகிறான். அவன் போன பின்னும் நிலம் கிடக்கிறது. முதற்பொருளை முன்வைத்து உரிப்பொருளை அதற்குள் ஒளிக்கும் கவிதைகளோடு பழகியவர்களுக்கு இதன் அமைதி விளக்காமலே விளங்கும். ஒப்பீட்டை இதற்கு மேல் நீட்ட நாம் விரும்பவில்லை. எசெக்ஸ் கழிமுகத்தை இழுத்துவந்து நெய்தலில் கட்டிப்போடுவது வகுப்பறைப் பழக்கம்.

கதை தெரிந்த பின் ஓர் இழப்பு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 'புறப்பாடு' இப்போது டன்கர்க் மட்டுமே. முன்பு அதில் எவரும் எங்கும் புறப்படலாம். நம் தந்தையார் வேலைதேடி வடக்கே போன நாளும் அதில் இருந்தது. இப்போது முரசு தொடங்கியதும் கடற்கரையும் படகுகளும் வந்துவிடுகின்றன. ஆறாண்டுகள் நம்மோடு இருந்த அந்தப் பெயரற்ற ஊர்வலத்தை மீண்டும் கேட்க வழியில்லை. காலிகோவிடம் நமக்கு உள்ள தனிப்பட்ட வழக்கு இதுவே.

ஒரு தடம் மட்டும் கதைக்கு ஆட்படாமல் தப்பியது: 'தனித்த ராயடர்'. இரண்டு நிமிடத்துக்கும் குறைவானது. துள்ளிவந்த அதே வழிநடை மெட்டு, மின்பியானோவில், நடை தளர்ந்து, சொல்ல ஆளில்லாததால் தனக்குள்ளே சொல்லிக்கொள்வதுபோல் வருகிறது. வாத்து போய்விட்டது, ஆகவே சிறுமியும் வரமாட்டாள் என்பது கதை. கதை தெரியாத நாளிலும் இது இவ்வாறே இருந்தது. இசைத்தட்டின் முதற்பக்கம் இங்கே முடிகிறது. எழுந்து தட்டைத் திருப்பி முள்ளை வைக்கும்வரை ராயடர் தனியே இருப்பான். மறுபக்கம் சரமாய்ச் சுழலும் ஸிந்தஸைஸர் ஒலியோடு தொடங்கும்போது வாத்து பறந்து வருகிறது. நம் ஒலிநாடாவிலும் இந்த இடைவெளி இருந்தது. குறுந்தகட்டில் இரண்டு தடங்களும் அடுத்தடுத்து வந்து நிற்க, ஒரு பருவம் முழுவதும் காத்திருக்க வேண்டிய பறவை நொடியில் வந்துவிடுகிறது. கைப்பேசியில் கேட்கும்போது அவ்விடத்தில் நிறுத்திவிடுவது நம் வழக்கம். தேநீர் போட்டுக்கொண்டு வந்து தொடர்வோம். வீட்டார் இதைக் கேலி செய்வதுண்டு.

1975 அக்டோபர் 17 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் லண்டன் ஸிம்ஃபனி வாத்தியக் குழுவோடு முழுத் தொகுப்பையும் நிகழ்த்தினார்கள். அப்பதிவு 1978இல் வெளிவந்தது. வாத்தியக் குழுவின் பெருக்கம் கூடிவிட்டதால் சதுப்பின் வெறுமை சற்றுக் குறைந்துபோனது என்பது நம் துணிபு. பார்டன்ஸ் 1978இல் குழுவை விட்டுப் பிரிந்தார், 2002இல் மறைந்தார். கொடிய இரத்த நோயிலிருந்து மீண்ட லாடிமர், 2013இல் புதிய துணைவர்களோடு தொகுப்பு முழுவதையும் மீண்டும் பதிவு செய்தார். ஒலி தெளிவானது, வாசிப்பும் குறையற்றது. கிட்டாரின் விரல்களில் முப்பத்தெட்டு ஆண்டுகளின் முதிர்ச்சி சேர்ந்திருக்கிறது. வாத்து இப்போது இன்னும் உயரத்தில் பறக்கிறது என்றே சொல்லலாம். அப்பதிவை இருமுறை கேட்டோம். இருமுறையும் 'தனித்த ராயடர்' வந்ததும் நிறுத்திவிட்டு, பார்டன்ஸ் வாசித்த பழைய பதிவைத் தேடி எடுத்தோம்.